இரு நோய், இரு நீதி!

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



படிப்பகத்தார் என்னை அழைத்தபோது, "வெளிநாட்டுச் செய்தி ஏதேனும் பேசுங்கள், ஆனால் போர், பூசல், தேர்தல் வேண்டாம். அவற்றைத்தான் அன்றாடம் ஏட்டிலே படிக்கிறோமே!" என்றனர். நல்ல நிபந்தனை! ஆகவே இன்று உங்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்கிறேன். அரண்மனையைக் காண அன்று. பாராளுமன்றத்தையும் சற்றுப் பிறகே பார்ப்போம். முதலில் ஒரு தெரு. அத்தெருவிலே அடுத்தடுத்து இரண்டு வீடுகள். வீடுகளும் அவற்றிலே வாழும் கிழவர் இருவரும் என் கற்பனை. அவர்களுக்கு நேருவதோ கற்பனையன்று, அந்நாட்டுச் சட்டம்.

இருவரும் ஒரே ஆலையிலே உழைத்தவர்கள். நாற்பதாண்டுக் காலம் வரி கட்டியவர்கள். மாதந்தோறும் தவணை செலுத்தி, மயிர் நரைத்தபின் வீட்டைச் சொந்தமாக்கிக் கொண்டவர்கள். இருவருக்கும் மனைவி இறந்துவிட்டாள். முதியவர் ஒருவருக்குப் புற்றுநோய் வருகிறது. வண்டி வருகிறது, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்கிறது. அறுவை சிகிச்சை, கதிர் சிகிச்சை, மருந்து, கட்டில், கவனிக்கச் செவிலி, யாவும் நடைபெறுகின்றன. கடைசியில் சீட்டு வருமோ என்று பார்த்தால், வரவில்லை! 1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5-ஆம் நாள் துவங்கிய தேசிய சுகாதாரப் பணி அவரைத் தன் கையிலே ஏந்திக்கொள்கிறது. அவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

அடுத்த வீட்டுக் கிழவருக்கு நினைவு மங்குகிறது. மறதி நோய், டிமென்ஷியா. அடுப்பை ஏற்றிவிட்டு அணைக்க மறக்கிறார். நள்ளிரவிலே தெருவுக்கு வந்து, மூடப்பட்டுப் பல ஆண்டான ஆலைக்கு வேலைக்குப் புறப்படுகிறார். சுவரிலே தொங்கும் மனைவியின் படத்தைப் பார்த்து, "யார் இந்த அம்மாள்?" என்று கேட்கிறார். மருத்துவர் பார்க்கிறார், கட்டணமின்றித்தான். ஆனால் இந்தக் கிழவருக்குத் தேவையானது கத்தியுமன்று, கதிருமன்று. குளிப்பாட்ட ஒரு கை, ஊட்டிவிட ஒரு கை, இரவெல்லாம் விழித்திருக்க ஒரு கண். "அது மருத்துவமன்று, பராமரிப்பு, ஆகவே கையிலுள்ளதைக் காட்டு!" என்கிறது சட்டம்.

அவர் என்னென்ன காட்டவேண்டும், கேளுங்கள். 23,250 பவுனுக்கு மேல் சேமிப்பும் சொத்தும் உள்ளவர் முழுச் செலவையும் தாமே ஏற்கவேண்டும். (பவுன் என்றதும் தாய்மார்கள் கழுத்து நகையை எண்ணவேண்டாம், அந்நாட்டு நாணயத்தைச் சொல்கிறேன்.) 14,250 பவுனுக்குக் கீழே போய்விட்டால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், வருமானத்தை மட்டும் கேட்பார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தொகைக்கு ஒரு விசித்திரக் கணக்கு! ஒவ்வொரு 250 பவுனும் வாரத்திற்கு ஒரு பவுன் வருமானம் தருகிறது என்று வைத்துக்கொள்வார்களாம். 20,000 பவுன் சேமித்தவர் அந்த வகையிலே வாரம் 23 பவுன் கட்டவேண்டும். 250 பவுனுக்கு ஆண்டுக்கு 52 பவுன் வட்டி! அத்தகைய வட்டி கொடுக்கும் வங்கி எந்தத் தெருவிலே இருக்கிறது என்று அரசு சொன்னால், அந்நாட்டு மக்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். இந்த 23,250 என்ற எல்லை 2010-இல் வகுத்தது. அதன்பின் ரொட்டி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, இல்லத்தின் கட்டணம் ஏறிற்று. எல்லை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீடு? ஆம், தோழர்களே, அங்கேதான் நெஞ்சு வலிக்கிறது. தம் வீட்டிலேயே இருந்துகொண்டு உதவி பெறுபவரிடம் வீட்டைக் கணக்கிலே சேர்ப்பதில்லை. ஆனால் பராமரிப்பு இல்லத்திலே நிலையாகச் சேர்ந்துவிட்டால், முதல் பன்னிரண்டு வாரங்கள் கழிந்தபின் வீடும் சொத்துக் கணக்கிலே ஏறும். மனைவியோ கணவனோ, அறுபது கடந்த உறவினரோ அங்கே வாழ்ந்தால் விலக்கு உண்டு. நம் கிழவருக்கோ யாருமில்லை. வாரத்திற்கு ஆயிரம் பவுனுக்கு மேல் கேட்கும் இல்லங்கள் அங்கே ஏராளம். ஓய்வூதியம் அதிலே ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே வீட்டை விற்கவேண்டும். அல்லது உள்ளாட்சி மன்றத்திடம் கடன்பட்டு, இறந்தபின் வீட்டை விற்று அடைக்கவேண்டும்.

"பிள்ளைகளின் பெயருக்கு எழுதி வைத்துவிட்டால்?" என்று முன்வரிசைத் தோழர் கேட்பது கண்களிலே தெரிகிறது. அதற்கும் சட்டம் உண்டு. கட்டணத்தைத் தவிர்க்கவே சொத்தைக் கைமாற்றினார் என்று மன்றம் கருதினால், கொடுத்துவிட்ட வீட்டை இன்னும் கொடுக்காததாகவே பாவித்துக் கணக்கெழுதும்!

வீடும் போய், சேமிப்பும் கரைந்து, எல்லைக்குக் கீழே வந்தபின் மன்றம் கை கொடுக்கிறது. அப்போதும் அவருடைய ஓய்வூதியம் இல்லத்துக்கே போகும். கைச்செலவுக்கென்று அவரிடம் விட்டுவைப்பது, 2025-26 கணக்கிலே, வாரத்திற்கு 30 பவுன் 65 பென்ஸ். முடி வெட்ட, செருப்பு வாங்க, பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்ப, எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரே இல்லம், ஒரே கஞ்சி, ஒரே கட்டில். ஆனால் கட்டணம் இரண்டு! மன்றங்கள் மொத்தமாக இடம் பிடிப்பதால் விலையைக் குறைத்துப் பேசுகின்றன. குறைந்த தொகையை இல்லக்காரர் தனியாகப் பணம் கட்டுபவர்மீது சுமத்துகிறார். போட்டி, சந்தை விவகாரங்களைக் கவனிக்கும் அரசு ஆணையமே 2017-இல் ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு இது: 2016-இல் தாமே கட்டியவர் சராசரி வாரம் 846 பவுன், மன்றம் கட்டியது 621. நூற்றுக்கு 36 அதிகம். மன்றத்திடம் போதிய பணத்தை அரசு கொடுப்பதில்லை. அந்தப் பற்றாக்குறையைப் பக்கத்துக் கட்டில் கிழவி ஈடுசெய்கிறாள். வரி என்று பெயரிடாத வரி!

முதியோர் கதை மட்டுமன்று இது. உள்ளாட்சி மன்றங்கள் பராமரிப்புக்காகச் செலவிடும் பணத்திலே ஏறத்தாழப் பாதி, பிறவியிலேயோ விபத்திலேயோ உடற்குறை நேர்ந்த, உழைக்கும் வயதினருக்கானது. விற்பதற்கு வீடே வாங்காத அவர்களிடம், அரசு கொடுக்கும் உதவித்தொகையிலிருந்தே அரசின் மற்றொரு கை கட்டணம் பிடிக்கிறது.

சரி, உலகத்துக்கே இலவச மருத்துவத்தைக் காட்டிய நாட்டிலே இந்த முரண் எப்படிப் புகுந்தது? வரலாற்றைப் புரட்டவேண்டும்.

1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. போர் முடிந்தபின் தொழிற்கட்சி அரசு அமைந்தது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியாயிருந்த அநூரின் பெவன் சுகாதார அமைச்சரானார். ஒரே நாளிலே, அந்த 1948 ஜூலை 5-இலே, இரண்டு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஒன்று தேசிய சுகாதாரப் பணிச் சட்டம். மற்றொன்று தேசிய உதவிச் சட்டம். எலிசபெத் அரசி காலத்து 1601-ஆம் ஆண்டுச் சட்டத்திலே வேர்விட்டு, ஏழையை வேலைவிடுதியிலே அடைத்துவைத்த வறியோர் சட்டத்தை ஒழித்தது இந்த இரண்டாம் சட்டந்தான். மகத்தான செயல்! குறை சொல்ல நாக்கு வராது. ஆனால் இரண்டு சட்டங்களுக்கும் இடையே ஒரு கோடு விழுந்தது. நோயுற்றவர் ஒரு பக்கம், தளர்ந்தவர் மறு பக்கம். நோயுற்றவருக்கு இலவசம். தளர்ந்தவர் உள்ளாட்சி மன்றத்தின் முதியோர் இல்லத்திலே, விடுதியிலே தங்கும் விருந்தினர்போலக் கட்டணம் கொடுத்து, மானத்தோடு வாழலாம் என்று எண்ணினர். அன்றைய ஓய்வூதியம் வாரத்திற்கு 26 ஷில்லிங். இல்லத்துக்கு 21 ஷில்லிங். கையிலே 5 ஷில்லிங். பிச்சையன்று, பேரம் என்ற நல்லெண்ணந்தான்.

நல்லெண்ணம் கட்டடத்தை மாற்றவில்லை. பீட்டர் டவுன்சென்டு என்ற சமூகவியல் அறிஞர் 173 இல்லங்களை நேரிலே சென்று பார்த்து 1962-இல் ஒரு நூல் வெளியிட்டார். பழைய வேலைவிடுதிகளே பெயர்ப்பலகை மாறி முதியோர் இல்லங்களாக நின்றதை அது நாட்டுக்குக் காட்டிற்று.

அது ஒருபுறம் இருக்க, கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு வசதி இருந்தது. மருத்துவமனைகளிலே முதியோருக்கென்று நெடுங்காலப் பிரிவுகள் இருந்தன. தளர்ந்தவர் பலர் அங்கே கட்டணமின்றிக் கிடந்தனர். அந்தக் கட்டில்கள், குறிப்பாக 1980-களிலும் 90-களிலும், ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. கட்டில் போனால் கிழவர் எங்கே போவார்? தனியார் இல்லத்துக்கு! தொடக்கத்திலே அரசின் உதவித்தொகை அலுவலகமே அந்தச் செலவைக் கேள்வி கேட்காமல் கட்டிற்று. 1979-இல் சுமார் ஒரு கோடி பவுனாயிருந்த அந்தச் செலவு பத்தாண்டிலே நூறு கோடியைத் தாண்டிற்று. இல்லம் நடத்துவது வணிகமாயிற்று. அரசு விழித்தது, 1990-இல் சட்டமியற்றிற்று, 1993 முதல் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களின் தலையிலே கட்டிற்று; கூடவே சொத்துச் சோதனையும் போயிற்று. கவனியுங்கள், தோழர்களே! "இனி முதியோர் பராமரிப்பு இலவசமன்று" என்று எந்த அமைச்சரும் பாராளுமன்றத்திலே எழுந்து அறிவிக்கவில்லை. எவரும் வாக்களிக்கவில்லை. கோடு அசையவில்லை, மக்களைத்தான் கோட்டின் மறுபக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்கள்.

கோடு எவ்வளவு நுண்ணியது தெரியுமா? ஒரு மூதாட்டியைக் குளிப்பாட்டவேண்டும். தோல் நோய்க்காகக் குளிப்பாட்டினால் அது மருத்துவக் குளியல்; செவிலி வருவார், இலவசம். தூய்மைக்காகக் குளிப்பாட்டினால் அது சமூகக் குளியல். மன்றத்தின் பணியாள் வருவார், கட்டணம். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. கற்றறிந்த அலுவலர்கள் ஆண்டுக்கணக்கிலே இந்த வழக்கை மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசியிருக்கின்றனர். அதுவரை பாட்டி அழுக்கோடு உட்கார்ந்திருந்தாளா என்று கேட்காதீர்கள். அது எந்தத் துறையின் கேள்வி என்று இன்னும் முடிவாகவில்லை!

பமேலா காக்லன் என்ற பெண்மணியின் வழக்கை இங்கே சொல்லவேண்டும். 1971-இல் சாலை விபத்திலே கைகால்கள் செயலற்றுப் போனவர். எக்சிட்டர் நகரிலே ஓர் இல்லத்துக்கு 1993-இல் அவரை மாற்றியபோது, "விரும்பும்வரை இதுவே உங்கள் வீடு" என்று சுகாதாரத் துறையினர் வாக்களித்தனர். ஐந்தாண்டு கழித்து இல்லத்தை மூட முடிவு செய்தனர். அந்த அம்மையார் நீதிமன்றம் சென்றார். 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கொடுத்த வாக்கை மீறுவது முறைகேடு என்றது. அதோடு நிற்கவில்லை: அவருக்குத் தேவைப்படும் செவிலியம், உள்ளாட்சி மன்றம் சட்டப்படி தரக்கூடிய அளவைக் கடந்தது, ஆகவே சுகாதாரப் பணியே ஏற்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு, முதன்மைத் தேவை உடல்நலம் சார்ந்தது என்று நிறுவினால் முழுச் செலவையும் சுகாதாரப் பணி ஏற்கும் வழி தெளிவடைந்தது. நிறுவவேண்டும்! மறதி நோயுற்ற தாயின் பிள்ளைகள் பலர், அந்த மதிப்பீட்டுப் படிவங்களோடு மல்லாடிக் களைத்துப் போகின்றனர். எழுதப் படிக்கத் தெரிந்தவன், வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவன் நிறுவுகிறான். மற்றவன் வீட்டை விற்கிறான்.

இனி பாராளுமன்றத்துக்கு வருவோம். அங்கே நடந்த கூத்து நம் தெருக்கூத்தைத் தோற்கடிக்கும்.

1997-இல் டோனி பிளேர், முதியோர் வீட்டை விற்றுத்தான் பராமரிப்புப் பெறவேண்டும் என்ற நிலையிலே பிள்ளைகள் வளரவேண்டாம் என்று கட்சி மாநாட்டிலே முழங்கினார். ஆணையம் அமைத்தார். 1999-இல் சதர்லண்டு பிரபுவின் ஆணையம், உடல் பராமரிப்பை இலவசமாக்கு என்றது. ஸ்காட்லாந்து 2002-இல் முதியோருக்கு அதைச் செய்தது. 2019-இல் இளையோருக்கும் விரித்தது. இங்கிலாந்து மறுத்தது. 2010-இலே தொழிற்கட்சியினர், இறந்தோர் விட்டுச்செல்லும் சொத்திலிருந்து ஒரு பங்கு எடுத்து எல்லோருக்கும் பராமரிப்பு என்ற யோசனையைத் தொட்டனர். உடனே எதிர்த்தரப்பார் கல்லறைப் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்டினர்: "மரண வரி!" யோசனை செத்தது. 2017-இலே அந்த எதிர்த்தரப்பாரே ஆட்சியிலிருந்து, தெரசா மே அம்மையார் தேர்தல் அறிக்கையிலே, வீட்டிலிருந்து பெறும் பராமரிப்புக்கும் வீட்டின் மதிப்பைக் கணக்கிடுவோம், ஒரு நூறாயிரம் பவுனை மட்டும் விட்டுவைப்போம் என்றார். இப்போது தொழிற்கட்சியின் முறை: "மறதி நோய் வரி!" நான்கே நாளிலே அறிக்கை திருத்தப்பட்டது, தேர்தலிலே பெரும்பான்மையும் பறிபோயிற்று. அவன் போட்ட கல் இவன்மேல், இவன் போட்ட கல் அவன்மேல்; நடுவிலே நசுங்கியவன் நம் கிழவன்.

இடையிலே 2011-இல் ஆண்ட்ரூ டில்நாட் தலைமையிலே ஒரு குழு தெளிவாக ஆராய்ந்தது. 65 வயதை எட்டுவோரில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாள் பராமரிப்புச் செலவு நூறாயிரம் பவுனைத் தாண்டும் என்று கண்டது. மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. சிலருக்கு ஏதுமே இல்லை. அந்தப் பத்தாவது ஆள் யார் என்று எவனுக்கும் தெரியாது. தனியார் காப்பீட்டு நிறுவனங்களோ அந்தச் சந்தைப்பக்கமே தலைவைப்பதில்லை. ஆகவே ஒருவர் தம் வாழ்நாளிலே கட்டுவதற்கு உச்சவரம்பு வை, 35,000 பவுன் போதும் என்றது குழு. 2014-இல் சட்டம் வந்தது. வரம்பு 72,000 ஆயிற்று, 2016-இல் வரும் என்றனர், 2020-க்குத் தள்ளினர், 2017-இல் கைவிட்டனர். 2021-இல் போரிஸ் ஜான்சன், வரம்பு 86,000, 2023 அக்டோபரில் நிச்சயம் என்றார், அதற்கென்று 1.25 சதவிகிதம் தனிவரியும் அறிவித்தார். 2022-இல் வரியை விலக்கினர். வரம்பை 2025-க்கு ஒத்திவைத்தனர். 2024 ஜூலையிலே புதிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ், கருவூலம் காலி என்று சொல்லி அடியோடு இரத்துச் செய்தார். சட்டப் புத்தகத்திலே வரம்பு இருக்கிறது. நாட்டிலே ஒருவரும் அதன் நிழலிலே ஒதுங்கியதில்லை.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம். "வாடகை வீட்டிலே வாழ்கிற, வாழ்நாளெல்லாம் வீடு வாங்கவே முடியாத தொழிலாளி வரி கட்டி, பத்து நூறாயிரம் பவுன் மாளிகைக்காரனின் வாரிசுக்குச் சொத்தைக் காத்துக் கொடுக்கவேண்டுமா? இதுவா சமதர்மம்?"

நியாயமான கேள்வி. தட்டிக்கழிக்க நான் வரவில்லை. உச்சவரம்பு என்ற திட்டம் வசதியுள்ளவனுக்கே அதிகம் உதவும் என்பது உண்மை. 86,000 பவுன் வரம்பிலே, லண்டன் மாளிகைக்காரனுக்குத் தூசு தட்டியதுபோல. வடக்கே பழைய ஆலை நகரங்களிலே நூறாயிரம் பவுன் பெறும் சிறு வீட்டுக்காரனுக்கு ஏறக்குறைய எல்லாமே. போதாததற்கு 2021 நவம்பரிலே ஒரு திருத்தம் கொண்டுவந்தனர்: ஏழைக்காக மன்றம் கட்டிய பங்கு வரம்புக் கணக்கிலே சேராதாம்! டில்நாட்டே அதைக் கண்டித்தார்.

ஆனால் தோழர்களே, கேள்வியைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அதே மாளிகைக்காரனுக்குப் புற்றுநோய் வந்தால் மாளிகையை விற்கச் சொல்கிறார்களா? இதயத்தைத் திறந்து அறுவை செய்தால் சொல்கிறார்களா? இல்லையே! அப்படியானால் இது சொத்தின்மேல் போட்ட வரியன்று. நோயின்மேல் போட்ட வரி. செல்வன் விட்டுச்செல்லும் சொத்திலே பங்கு வேண்டுமானால், செல்வர் எல்லோரிடமும் கேள். அந்தப் பணத்திலே எல்லோரையும் பேணு. மூளை தேய்ந்தவனிடம் மட்டும் கேட்டு, நெஞ்சு வலித்தவனை விட்டுவிடுவது எந்த ஊர்ச் சமதர்மம்?

முடியாது, கட்டாது என்பார்கள். ஜெர்மனி 1995-இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. முதலாளியும் தொழிலாளியும் பங்கிட்டுக் கட்டுவது. முதலாளிகள் முணுமுணுத்தனர். என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு பொது விடுமுறையை எடுத்துவிட்டார்கள்! சாக்சனி மாநிலம் மட்டும் விடுமுறையைக் கைவிடவில்லை; ஆகவே அங்கே தொழிலாளி சற்று அதிகமாகக் கட்டுகிறார். இன்று சந்தா சம்பளத்திலே 3.6 சதவிகிதம். பிள்ளையில்லாதவர் இன்னும் 0.6 சேர்த்துக் கட்டுகிறார். அது நியாயமா என்று விவாதிக்கலாம். ஜப்பான் 2000 முதல் நாற்பது வயது தாண்டியவர் அனைவரிடமும் சந்தா பெற்று, பாதிக்கு வரிப்பணமும் சேர்த்து நடத்துகிறது. பயன்பெறுவோர் பெரும்பாலும் பத்திலே ஒரு பங்கு கட்டுகின்றனர். பொன்னுலகம் என்று சொல்லமாட்டேன். ஜெர்மனியிலே இல்லங்களில் இருப்போர் இன்றும் கையிலிருந்து பெருந்தொகை கட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்திலும் உடல் பராமரிப்புக்குத்தான் உதவி. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வசதியுள்ளோர் கட்டவேண்டும். ஆனால் நோயின் பெயரைக் கேட்டபின் முதல் பவுனிலிருந்து கடைசிப் பவுன்வரை தனி மனிதன் தலையிலே சுமத்தும் நிலை அங்கெல்லாம் இல்லை.

பணமாகக் கட்டுவோரைப் பற்றியே பேசிவிட்டேன். உடலால் கட்டுவோர் இருக்கின்றனர். 2021 குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 50 இலட்சம் பேர் ஊதியமின்றி உற்றாரைப் பேணுகின்றனர். பெரும்பாலோர் பெண்கள் என்று சொல்லவும் வேண்டுமோ, தாய்மார்களே? வாரத்திற்கு 35 மணியேனும் பாடுபட்டால்தான் அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2025-26-இல் அந்தத் தொகை 83 பவுன் 30 பென்ஸ். மணிக்கு இரண்டரைப் பவுன்கூட இல்லை. வேலைக்குப் போய் வரம்புக்கு மேல் சிறிது சம்பாதித்துவிட்டாலோ அந்தத் தொகை முழுவதும் நின்றுவிடும்.

இல்லங்களிலே கூலிக்கு உழைப்போர் கதையோ நம் வாசல்வரை வருகிறது. ஆள் கிடைக்காமல் தவித்த அந்நாடு 2022 பிப்ரவரியிலே பராமரிப்புத் தொழிலாளருக்கு விசாக் கதவைத் திறந்தது. இந்தியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போயினர். தரகருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துப் போனவரும் உண்டு. 2024 மார்ச்சிலே, இனி வருவோர் மனைவி மக்களை அழைத்துவரக் கூடாது என்றனர். 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினர். சொந்தத் தாயை ஊரிலே அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு, அங்கே யாரோ ஒரு தாய்க்கு ஊட்டிவிடும் பெண்ணுக்கு, அந்த நாடு வைத்திருக்கும் விலை அவ்வளவு.

இப்போது என்ன நிலை? 2025 ஜனவரியிலே மீண்டும் ஓர் ஆணையம் அறிவித்தனர். லூயிஸ் கேசி அம்மையார் தலைமை. முதற்கட்டம் 2026-இல், முழு அறிக்கை 2028-க்குள் என்றனர். 1999-இல் ஓர் ஆணையம், 2011-இல் ஒரு குழு, இது மூன்றாவது. அறிக்கை வந்து, பாராளுமன்றம் விவாதித்து, யார் எந்த வரிக்கு எந்தப் பெயர் சூட்டுவார்கள் என்று தெரிவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். நம் தெருவிலே முதல் வீட்டுக் கிழவர் சிகிச்சை முடிந்து திரும்பிவிட்டார்; தோட்டத்திலே செடிக்கு நீர் ஊற்றுகிறார். அடுத்த வீட்டு வாசலிலே விற்பனைப் பலகை நட்டிருக்கிறது.